ஆஸ்பத்திரி சவாரி

எங்கள் ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் கை தூக்கி ஓட்டுப் போடும் வழக்கம் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. ஆனால் கையைத் தூக்கியவனே அரை மணி கழித்து, "நான் எங்க தூக்கினேன், முதுகு சொறிஞ்சேன்" என்பான். அதனால் வண்டியை வைத்தே முடிவு எடுப்பது என்று ஆகிவிட்டது. ஒரு விஷயத்துக்குச் சரி என்கிறவர்கள் வண்டியைக் காம்பவுண்டுச் சுவர் ஓரமாக நிறுத்த வேண்டும். வேண்டாம் என்கிறவர்கள் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், பஞ்சர் கடை ஓரமாக நிறுத்த வேண்டும். தலைவர் நடுவில் நின்று இரண்டு பக்கமும் எண்ணுவார். மத்தியானத்தில், கம்பெனிக்காரர்கள் எல்லாம் உள்ளே போய் உட்கார்ந்து சவாரி குறைந்த நேரத்தில் இது நடக்கும். விஷயம் தெரியாதவர்கள் ஏதோ பந்த் என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸைப் பார்த்து நடந்துவிடுவார்கள்.

திருப்போரூரில் ஏற்றி, கேளம்பாக்கம் வழியாகச் சிறுசேரி வரை போய்த் திரும்புவது எங்கள் ரூட்டு. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவன் நான். பேச்சு எனக்கு வராது. நாலு பேர் ஒரே நேரத்தில் என் முகத்தைப் பார்த்தால் சொல்ல வந்தது மறந்துபோகும். வண்டி ஓட்டுவதில் எனக்குப் பிடித்ததே, ஏறியவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்யலாம் என்பதுதான்.

எங்கள் ஸ்டாண்டில் ஆஸ்பத்திரி சவாரி என்று ஒன்று உண்டு. திங்கட்கிழமை காலையில் ஒவ்வொரு வண்டியும் போகிற முதல் சவாரியின் வசூல் ஓட்டுகிறவனுக்குக் கிடையாது, பொதுவில் சேரும். வண்டி நிறைந்து போனால் நிறைய சேரும், காலியாகப் போனால் கொஞ்சம் சேரும். யாரும் அதைக் கேட்பதில்லை. முன்பெல்லாம் சீட்டுக்குப் பின்னால் பூட்டுப் போட்ட டப்பா தொங்கும். இப்போது எல்லோரும் போனில் ஸ்கேன் செய்துதான் காசு கொடுக்கிறார்கள் என்பதால், திங்கட்கிழமைக்கு மட்டும் தனியாக ஒரு ஸ்கேன் அட்டையை மாட்டிக்கொள்கிறோம்.

டிரைவரோ அவன் மனைவியோ நோவு என்று ஆஸ்பத்திரியில் படுத்தால், அவன் திரும்ப வந்து வண்டி எடுக்கிற வரைக்கும் வீட்டுச் செலவும் வண்டித் தவணையும் இந்தப் பணத்தில் நடக்கும். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கைக்கும் மருந்துக்கும் யாரும் காசு கேட்பதில்லை. ஆனால் கூட இருக்கிறவன் வண்டி ஓட்ட முடியாது. வண்டி ஓடாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. எங்களைப் போன்றவர்கள் வைத்தியத்தைத் தள்ளிப்போடுவதற்கு முக்கால்வாசி காரணம் அதுதான்.

என் மனைவியும் அப்படித்தான் தள்ளிப்போட்டாள். கர்ப்பப்பையில் கட்டி. மாதா மாதம் ரத்தம் கொட்டி, குடத்தைத் தூக்கினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அளவுக்கு வந்துவிட்டாள். டாக்டர் ஆபரேஷன் என்று சொன்ன நாளிலிருந்து, கிருத்திகைக் கூட்டம் முடியட்டும், மழை முடியட்டும், நீ நாலு சவாரி ஓட்டு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியாகப் போனபோது அந்த டாக்டரம்மா அவளோடு பேசவில்லை, என்னோடு பேசினார். அவள் கீழ் இமையை இழுத்துக் காட்டி, "வெள்ளையா இருக்கு பாருங்க. இனிமே தள்ளினா நீங்களே பொறுப்பு" என்றார். அடுத்த வாரம் வந்து அட்மிஷன் போடச் சொன்னார்.

பொது இருக்கிறதே என்ற தைரியத்தில்தான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அதே வாரம் ஸ்டாண்டில் அந்தப் பொதுவையே நிறுத்திவிட வேண்டும் என்று பேச்சு கிளம்பிவிட்டது.

கிளப்பியவன் இளவட்டம். எங்கள் ஸ்டாண்டில் இப்போது பாதிப் பேர் முப்பதைத் தொடாதவர்கள். அவர்களுக்கெல்லாம் இவன்தான் வாய். தினமும் ஜிம்முக்குப் போய்விட்டு வண்டி எடுப்பான். சட்டைக் கை அவன் புஜத்தில் எந்த நிமிஷமும் கிழிந்துவிடும் போல இருக்கும். ஸ்கேன் அட்டையைப் பிரிண்ட் போட்டு எல்லா வண்டிக்கும் ஒட்டிக் கொடுத்தவனும் அவன்தான்.

டீக்கடையில் வைத்து ஆரம்பித்தான். "எனக்கு இன்னா நோவு கீது? ஜலதோஷம்கூட வந்ததில்ல. வாரா வாரம் மொத சவாரி யாருக்கோ போவுது."

தலைவர் பீடியை வாயிலிருந்து எடுத்தார். "நோவு இல்லாதவன்தாண்டா குடுக்கணும். நோவு வந்தவன் எப்பிடிக் குடுப்பான்? அவன்தான் படுத்துகினு கீறானே."

"ஒனக்கு பி.பி., ஒன் மச்சானுக்கு சுகரு. அதுக்கு நாங்க டப்பு குடுக்கணுமா? மொதல்ல பீடிய நிறுத்து நைனா."

எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் பீடியைக் காலடியில் போட்டு மிதித்தார், ஆனால் கோபத்தில்தான்.

டீ ஆற்றிக்கொண்டிருந்த அக்கா சும்மா இருக்க மாட்டார். "டேய், நீ ஊத்துற டீசலு, இந்த டீத்தூளு, எல்லாத்துலயும் வரி கீது. அதுலதான் பெரியாஸ்பத்திரி நடக்குது. அங்க யாரு வந்து படுக்குறான்னு கேட்டுகினா நீ வரி கட்டுன?"

"அது கேக்காம புடுங்கறாங்க அக்கா. இங்க கேக்கறாங்க. கேட்டா யோசிக்கத்தானே செய்வேன்?"

அந்தப் பதில் எனக்குள் தங்கிவிட்டது. அன்றைக்கு முழுக்க ஓட்டிக்கொண்டே யோசித்தேன். அவன் வயதில் நானும் கொடுத்தேன். தருமம் என்று கொடுக்கவில்லை. எல்லோரும் டப்பாவை மாட்டினார்கள், நானும் மாட்டினேன். யாராவது நிறுத்தி, "உனக்கு விருப்பமா?" என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ. புதுக் கல்யாணம், வாடகை வீடு, பழைய வண்டி. கையில் காசு இல்லாத வயதுதான் உடம்பு நன்றாக இருக்கிற வயதும். அதை வயதானவர்கள் சீக்கிரம் மறந்துவிடுகிறோம்.

ஆனால் இப்படியெல்லாம் நியாயம் பார்க்கிற நிலைமையில் நான் இல்லை. பொது நின்றால் அடுத்த வாரம் அட்மிஷன் கிடையாது. அவள் மறுபடி ஒரு கிருத்திகையைச் சொல்வாள். நானும் சரி என்பேன்.

மனைவி விஷயம் தலைவருக்கு மட்டும் தெரியும். "ஓட்டுக்கு முன்னாடி சொல்லிடறேன்யா, பசங்க மனசு எறங்கும்" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேணாம் அண்ணாத்த. என் வூட்டு நோவ ரோட்டுல வெச்சுக் கேக்காத." கேட்டுவிட்டு அவர்கள் வேண்டாம் என்று சொன்னால், அப்புறம் அந்தப் பையன்கள் முகத்தில் நான் எப்படி விழிப்பது? அவர்களும் என் முகத்தில் எப்படி விழிப்பார்கள்?

ஓட்டு நாளன்று காலையிலேயே எனக்குப் பின் டயர் பஞ்சர். சுவர் ஓரமாகத்தான் நிறுத்த நினைத்திருந்தேன். பஞ்சர் கடைக்காரர் ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி, வீலைக் கழற்றி, ட்யூப் மூன்று இடத்தில் கிழிந்திருக்கிறது, புதுசு வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். போனவர் வரவில்லை. வெயில் ஏறியது. வீல் இல்லாத பக்கம் கடையைப் பார்த்து இருந்தது. ரோட்டிலிருந்து பார்த்தால் வண்டி நல்லபடியாகத்தான் நின்றது.

தலைவர் விசில் ஊதினார். வண்டிகள் நகர ஆரம்பித்தன. நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். சரி, நாம் கணக்கில் இல்லை என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. வாங்கப்போகிறவன் ஓட்டுப் போடுவது ஒரு மாதிரிதானே.

ஆனால் எங்கள் ஸ்டாண்டில் நடுப்பக்கம் என்று ஒன்று கிடையாது. தலைவர் சுவர்ப் பக்கம் எண்ணினார். பஞ்சர் கடைப் பக்கம் எண்ணினார். மறுபடி எண்ணினார். அப்புறம் என்னைப் பார்த்தபடியே நின்றார்.

"வேணாம்ன்ற பக்கம் ஒண்ணு ஜாஸ்தி" என்றார்.

அந்த ஒண்ணு நான்.

எழுந்து, "வீல் இல்லை" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாய் வரவில்லை. இளவட்டங்கள் விசில் அடித்தார்கள். என் வயதுக்காரர்கள் சுவர் ஓரத்திலிருந்து என்னையே பார்த்தார்கள். இப்போது வாயைத் திறந்தால், எனக்கு வர வேண்டியதற்காகக் கணக்கை மாற்றுகிறேன் என்று ஆகும். தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனார். "நீயே இப்பிடிப் பண்ணா நான் இன்னாய்யா பண்ணுவேன்" என்று போகிற போக்கில் சொன்னார்.

வண்டி குலுங்கியது. அந்த ஜிம் பையன் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தான்.

"அண்ணாத்த, நீ எங்க பக்கம் நிப்பேன்னு நெனைக்கவே இல்ல" என்றான். குரலில் கிண்டல் இல்லை. "ஒனக்காவது புரிஞ்சுதே."

என்ன புரிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. நான் முன்னால் பார்த்தபடி இருந்தேன். நான் முதுகு காட்டி உட்கார்ந்தால் ஏறியவர்கள் மனதில் இருப்பதைப் பேசுவார்கள். எத்தனையோ சவாரியில் பார்த்திருக்கிறேன்.

"போன வருசம் கொழந்த பொறந்துச்சே, ஞாபகம் கீதா? ஆபரேசன் பண்ணித்தான் எடுத்தாங்க. கொழந்தயக் கண்ணாடிப் பொட்டில வெச்சாங்க. நான் வண்டியே எடுக்கல, ஆஸ்பத்திரிலதான் கெடந்தேன். தலைவருகிட்ட வந்து, பொதுல எதுனா குடுன்னு கேட்டேன். இன்னா சொன்னாரு தெரியுமா?"

எனக்கு ஞாபகம் வந்தது.

"'புள்ள பொறக்கறது நோவாடா? நல்ல சேதிக்கு ஆஸ்பத்திரித் துட்டு கேக்குற, அபசகுனமா'ன்னாரு. எல்லாரும் சிரிச்சீங்கோ. ஸ்வீட்டு எங்கடான்னீங்கோ. கடன் வாங்கி லட்டு வாங்கியாந்தேன் அண்ணாத்த. நீயும் துன்ன."

தின்றேன். இரண்டு.

"குடுக்க மாட்டேன்னு இல்ல. எங்க வயசுல இன்னா ஆஸ்பத்திரி வரும்? பிரசவம் வரும், கொழந்தைக்குக் காய்ச்சல் வரும். அதெல்லாம் பொதுல இல்லையாம். ஒங்களுக்கு வர்றது மட்டும் கீதாம். அப்பறம் நான் ஏன் ஓட்டணும்?"

"இத அங்கயே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"ஒரு தபா கேட்டேன், சிரிச்சாங்கோ. ரெண்டாவது தபா கேப்பனா?"

அந்தப் பேச்சை இவனும் ரோட்டில் வைத்துக் கேட்க விரும்பவில்லை. அதற்குப் பதிலாக, எனக்கு நோவே இல்லை, நான் ஏன் கொடுக்கணும் என்று புஜத்தைக் காட்டிக்கொண்டிருந்தான்.

நான் இறங்கினேன். "எறங்கி வா" என்றேன். வண்டியைச் சுற்றி அழைத்துப் போய்க் கடைப் பக்கத்தைக் காட்டினேன். ஜாக்கியின் மேல் வண்டி நின்றது. வீல் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை தெரிந்தது.

பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி அதைப் பார்த்தான்.

"அடப்பாவி அண்ணாத்த. வீலே இல்லாமயா ஓட்டுப் போட்ட?" என்று தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தான். சிரிப்பு நின்றதும், "அப்போ ஒன் ஓட்டு செவுத்துப் பக்கமா?" என்றான்.

"அடுத்த வாரம் என் வூட்டுக்காரியச் சேக்கணும். ஆபரேசன்."

"அண்ணிக்கா? இன்னா அண்ணாத்த, இத ஏன் சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

அவன் டீக்கடைப் பக்கம் பார்த்தான். அவன் ஜெயித்துவிட்டான். பேசாமல் இருந்திருக்கலாம். "வா, போய்ச் சொல்லு" என்றான். "நீ சொன்னாத்தான். நான் சொன்னா மறுபடி லட்டு கேப்பானுங்கோ."

டீக்கடைக்கு நடந்தோம். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் யார் கிளாஸ் என்று தெரியாமல் ஒரு கிளாஸ் தண்ணீரை எடுத்துக் குடித்தேன். பிறகு சொன்னேன்: "என் வண்டிக்கு வீல் இல்ல. அது ஓட்டு இல்ல. பிரசவத்தையும் பொதுல சேக்கணும். கொழந்தைங்களுக்கும் சேக்கணும். சேத்துட்டு வண்டிங்கள மறுபடி நிறுத்தி எண்ணணும்."

"இன்னா சொன்ன?" என்றார் தலைவர். காது கேட்காமல் இல்லை. நான் பேசிவிட்டேன் என்பதால்தான்.

மறுபடி சொன்னேன். இரண்டாவது முறை எளிதாக இருந்தது.

தலைவரின் மச்சான், அந்தச் சுகர்க்காரர், "பிரசவம்ன்றது நோவாய்யா? சேத்துப் பேசவே கூடாது" என்றார்.

டீக்கடை அக்கா கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "நீ ஒண்ணே ஒண்ணு பெத்துட்டு வந்து சொல்லு. அப்பறம் நோவா இல்லையான்னு நான் கேட்டுக்கறேன்."

சிரிப்பு அடங்க நேரமானது. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. பையனைப் பார்த்து, "அன்னிக்குக் கொழந்தயக் கண்ணாடிப் பொட்டில வெச்சிருந்தாங்கன்னு சொல்லலியேடா" என்றார்.

"நீ எங்க சொல்ல வுட்ட?"

தலைவர் கொஞ்ச நேரம் துண்டின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். இந்த விதிகளைப் போட்டபோது இருந்தவர்கள் எல்லோரும் பிள்ளை பெற்று முடித்தவர்கள். பி.பி.யும் மூட்டு வலியும்தான் அவர்களுக்கு அப்போது தெரிந்த ஆஸ்பத்திரி. வேண்டுமென்றே யாரும் பிரசவத்தை விட்டுவிடவில்லை, ஒருவருக்கும் தோன்றவில்லை. "சரி" என்றார் கடைசியில். "பிரசவமும் கீது, கொழந்தைங்களும் கீது. வண்டிய எடுங்கடா."

வண்டிகள் மறுபடி நகர்ந்தன. இந்த முறை பஞ்சர் கடைப் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக எதிரே போனது. என் வண்டி அங்கேயே நின்றது. "இவனுக்கு வீல் இல்ல, வுட்டுடுங்க" என்று தலைவர் சொல்வதற்குள் நாலைந்து பையன்கள் வந்துவிட்டார்கள். ஜாக்கியை எடுத்துவிட்டு, வீல் இல்லாத மூலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்ற இரண்டு சக்கரத்தில் உருட்ட ஆரம்பித்தார்கள். நான் இறங்கப் போனேன். "ஹேண்டில் யாரு புடிப்பா? குந்து அண்ணாத்த!" என்று அதட்டினான் அவன். நடு ரோட்டில், நொண்டிக்கொண்டு போகிற வண்டியில், நான் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன். கூச்சத்தில் காது எரிந்தது. செங்கல்பட்டு பஸ் ஒன்று வந்து நின்று ஹார்ன் அடித்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "இன்னா நைனா, சாமி ஊர்வலமா?" என்று கத்தினார்.

"தள்ளிகினு வந்த ஓட்டு செல்லுமாய்யா?" என்று சுகர்க்காரர் கேட்டார்.

"செல்லும்" என்றார் தலைவர்.

எல்லோரும் வந்துவிடவில்லை. பஞ்சர் கடைப் பக்கம் இரண்டு வண்டிகள் நின்றன. அதில் ஒருவன் பிறகு ஸ்டாண்டை விட்டே போய், போனில் சவாரி வரும் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். இப்போதும் வழியில் பார்த்தால் சிரிப்பான். அவன் சம்பாத்தியம், அவன் முடிவு. ஆனால் அவனுக்கு ஒரு நாள் முடியாமல் போனால் அந்தக் கம்பெனியில் யாருக்கு யாரைத் தெரியும் என்று நினைத்துக்கொள்வேன். கெட்டது நினைத்து இல்லை, கவலையில்தான்.

இளம் வயதுக்காரன், நன்றாக இருக்கிறவன், எல்லோருடைய வைத்தியத்துக்கும் கொடுக்க வேண்டுமா என்று கேட்டால் கொடுக்க வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். எங்கள் ஸ்டாண்டானாலும் சரி, ஊரானாலும் சரி, நாடானாலும் சரி. ஆனால் கொடு என்று சொல்லும்போதே, உனக்கு என்ன வேண்டும் என்றும் அவனைக் கேட்டிருக்க வேண்டும். நாங்கள் அதைக் கேட்காமலே இருந்தோம். கேட்டதும் பாதிச் சண்டை இல்லாமல் போய்விட்டது.

அடுத்த வாரம் மனைவியைச் சேர்த்தேன். உள்ளே அவள் தங்கை கூட இருந்தாள். பெண்கள் வார்டு என்பதால் நான் வெளியே மர நிழலில். ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் ஏற்ற வேண்டும், பதிலுக்குக் கொடுக்க ஆள் இருந்தால் நல்லது என்றார்கள். ஸ்டாண்டிலிருந்து மூன்று பையன்கள் வந்தார்கள். ஜிம் பையன் கையை மடக்கிப் பஞ்சை அழுத்திக்கொண்டே வெளியே வந்து, "ஊசி போட்ட பொண்ணு நல்ல நரம்புன்னு சொல்லிச்சு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். குழந்தைக்குத் தடுப்பூசி போடவும் அன்றைக்கே தேதி வைத்திருந்தான். அவன் மனைவி குழந்தையை எங்கள் பக்கத்தில் பெஞ்சில் விட்டுவிட்டு டோக்கன் வாங்கப் போனாள். கண்ணாடிப் பெட்டியில் இருந்த குழந்தை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். என் சட்டைப் பையைப் பிடித்து இழுத்தது. பொத்தான் கையோடு வந்துவிட்டது.

மறுநாள் ஆபரேஷன். காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். அந்த வராந்தாவில் என் மாதிரி எத்தனையோ பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் கல்பாக்கத்திலிருந்து வந்த ஆபீஸ்காரர் போல இருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. ஒருவர் காலில் செருப்பு இல்லை. நர்ஸ் கதவைத் திறக்கிறபோதெல்லாம் எல்லோரும் ஒரே மாதிரி முன்னால் நகர்ந்தோம், அவர் வேறு பெயரைச் சொன்னதும் ஒரே மாதிரி பின்னால் வந்தோம்.

கடைசியில் அந்த டாக்டரம்மாவே வெளியே வந்தார். முகத்துணியைக் கழுத்துக்கு இறக்கினார். "நல்லா முடிஞ்சுது. பெரிய கட்டி. பார்த்தா சாதாரணக் கட்டிதான், எதுக்கும் டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கோம். பயப்படாதீங்க" என்றார். நான் கும்பிட்டேன். அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த இஸ்திரிச் சட்டைக்காரர் குனிந்து, "நல்ல செய்திதானே சார்?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்.

சில நாள் கழித்து டெஸ்ட்டும் வந்தது. கெட்டது ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தது. பார்வை நேரத்தில் அதை அவளிடம் சொன்னேன். தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். உதட்டில் கொஞ்சம் சிவப்பு வந்திருந்தது. கிளாஸை மடியில் வைத்துவிட்டு, "நீ எத்தினி நாளா இங்கயே குந்திகினு கீற?" என்று கேட்டாள்.

"நீ வந்ததுலேர்ந்து."

"வண்டி?"

"வூட்டாண்ட நிக்குது."

சவாரிக்குப் போ என்று சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் கிளாஸை என்னிடம் நீட்டினாள். "கஞ்சில உப்பே இல்ல. ஆனாலும் இன்னொரு கிளாஸ் கேட்டு வாங்கியா" என்றாள்.